வண்டியின் சட்டத்தை மட்டும் அறுக்காதீர்கள்

பழைய புல்வெட்டும் டிராக்டரைச் சீராக்குவது வீண், புது இரட்டை சிலிண்டர் என்ஜின் மாட்டுவதே புத்திசாலித்தனம் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முதல் கப் கேடட் என்ற சிறு டிராக்டரையே பாருங்கள். அதிலுள்ளது 7 குதிரைத்திறன் கோலர் கே161 என்ஜின். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். தேய்ந்துபோனாலும் சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து சற்றே பெரிதாக்கி (போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் மறுபடி ஓடும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைக்குள்! கிளப்பும்போது பெல்ட் வழியாக என்ஜினைச் சுழற்றும், ஓடும்போது அதே பெல்ட்டால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். எவ்வளவு அழகான யோசனை! அதைக் கழற்றி எறிய எப்படி மனசு வரும்? பெரிய என்ஜினுக்கு இடம் பண்ண வண்டியின் இரும்புச் சட்டத்தை (ஃபிரேம்) அறுத்துவிட்டால் பழைய வண்டி திரும்பவே வராது.

மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. ஓட்டுபவர் இருக்கையைவிட்டு எழுந்தால் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அந்தக் காலத்து வண்டியில் கிடையாது. அதைக் கட்டாயம் வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதல் வேலையே அதுதான். தீப்பொறி வரத் திறந்து மூடும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலும் சரி. கழற்றியதை டப்பாவில் போட்டு வண்டியோடே வைத்திருங்கள்.