எழுத்துருவின் குற்றத்துக்கு லினக்ஸை ஏசாதீர்கள்

யாங்கூனில் நான் கணினிகளைக் கவனித்துவரும் பயறு வணிக அலுவலகத்தில், மூன்று மாதங்களாக எது கோளாறானாலும் "எல்லாம் நீ போட்ட லினக்ஸால் வந்த வினை, தம்பி" என்ற ஒரே பல்லவியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

சர்வரில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பிறகும் ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்து, பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இடத்தில் கணக்கு வழக்கை வைத்திருக்கக் கூடாது என்று மன்றாடிய பின்னரே டெபியன் என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற அனுமதி கிடைத்தது. மேசைக் கணினிகளையும் அப்போதே அதற்கு மாற்றினோம். சர்வர் அன்றிலிருந்து ஒரு குறையுமின்றி ஓடுகிறது. ஆனால் பழைய பர்மிய விலைப்பட்டியல்களை லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் திறந்தால் எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன, பழி முழுவதும் என் தலையில் விழுகிறது.

சிதறலுக்குக் காரணம் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பர்மிய மொழிக்கு ஒதுக்கிய இடங்களிலேயே அது தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கிவைத்தது. மோன், கரேன், ஷான் எழுத்துகளுக்கு உரிய இடங்களையும் பிடித்துக்கொண்டது. மோல்மீன் என்று தமிழில் எழுதும்போது 'மோ'வின் கொம்பு கண்ணுக்கு மகரத்தின் முன்னால் நின்றாலும், கணினியில் மகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அவ்வூரின் பர்மியப் பெயரும் அதே போன்ற கொம்போடுதான் தொடங்குகிறது, யூனிகோடிலும் அதே ஒழுங்குதான். ஸோஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முன்னால் சேமித்துவைக்கிறது. ஆகவே அந்தப் பட்டியலைத் திறந்தவுடன், சார்ந்து நிற்க எழுத்தில்லாத கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கிறது. கோப்புப் பெயர்களிலும் இதே கதி என்பதால், வாடிக்கையாளர் பெயரை யூனிகோடில் தட்டித் தேடினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பைக்கூட "இல்லை" என்கிறது கணினி.

இந்த நாடு 2019 அக்டோபர் 1-ஆம் தேதி யூனிகோடுக்கு மாறியது. அத்தனை ஆண்டுகளாகக் கோப்புகளை மாற்றாமல் போட்டுவைத்தது யார்? மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. ஆனால் ஒரே தாளில் பாதி ஸோஜியும் பாதி யூனிகோடுமாகக் கலந்து கிடப்பதால், ஒவ்வொன்றையும் பர்மியம் நன்கு படிக்கத் தெரிந்தவர் கண்ணால் சரிபார்த்தாக வேண்டும். அதற்கு ஓர் ஆள் கேட்டேன், தரவில்லை. மின்சாரம் இருக்கும் நேரத்தில் நானே இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன்.

நேற்று கணக்குப் பிரிவில், "வம்பெதற்கு, எல்லாக் கணினியிலும் ஸோஜியையே போட்டுவிடு" என்றார்கள். போட்டால் பழைய தாள் அழகாகத் தெரியும். இன்று வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அதே எழுத்துருவில் திறந்தால் அது குலைந்துபோகும், மோல்மீன் முகவர் மோன் எழுத்தில் அனுப்பும் பெயரும் படிக்கமுடியாமல் போகும். நான் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.