லைனில் தைத்தவரையே லைனுக்குச் சூப்பர்வைசர் ஆக்கும்போது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆளுக்கொரு தையலாக வரிசையில் உட்கார்ந்து தைப்பதை லைன் என்போம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. நன்றாகத் தைக்கிற டைலரைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமையில இருந்து நீயே லைனைப் பாத்துக்க கண்ணு" என்று சொல்லிவிடுவார்கள். கூடத் தைத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நானும் அப்படி ஓவர்லாக் மெஷினை விட்டு எழுந்து வந்தவள்தான். இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

பழகியவர்களை எப்படி அதட்டுவது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். அதட்டல் டீ டைமுக்குள் மறந்துவிடும். மறக்காதது பண்டல், அதாவது தைக்கக் கொடுக்கிற வெட்டுத் துணிக் கட்டு. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், யாருக்கு எந்தப் பண்டல் போகிறது என்பதுதான் அவரவர் சனிக்கிழமைச் சம்பளம். சைடு தையல் கிடைத்தால் நேராக ஓட்டிக்கொண்டே போகலாம். கழுத்துக்கு ரிப் (இழுபடும் பட்டித் துணி) வைப்பது அப்படியில்லை. வளைவில் துணி இழுக்கும், கொஞ்சம் அசந்தால் சுருக்கம் விழும், செக்கிங்கில் திருப்பி அனுப்புவார்கள், உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ரேட்டில் சில காசு கூட்டிக் கொடுத்தாலும் கட்டாது.

ஒன்றாக உட்கார்ந்து போசியைத் திறந்து சாப்பிட்ட அக்கா, "ஏம்புள்ள, அந்தச் சைடு பண்டலை இங்க தள்ளி உடு" என்று உரிமையோடு கேட்பார். கொடுத்தால் லைன் முழுக்கப் பார்க்கும். கொடுக்காவிட்டால், சூப்பர்வைசர் ஆனதும் ஆளே மாறிட்டா என்ற பேச்சு. அதனால்தான் என் லைனில் யாருக்கு எந்தத் தையல் என்று வாரத்துக்கு வாரம் மாற்றி போர்டில் எழுதிவிடுகிறேன். அந்த அக்கா கேட்டபோதும், "அடுத்த வாரம் உங்க முறைதானுங்க்கா" என்றேன். போர்டைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். கழுத்து வைக்கத் தெரியாதவர்களுக்கு வேலை குறைவான நாளில் பழக்கிவிட வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கத்தில் முறை பார்க்க முடியாதுதான். அப்போது கழுத்தில் உட்காருகிறவர்களுக்கு பீஸ் கணக்கு பார்க்காமல் ஷிப்ட் சம்பளம் போடச் சொல்லி ஆபீசில் போய் நிற்கிறேன்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. 2020-இல் வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் 'தொழிலாளர்' கணக்கில் வரமாட்டார். நாளைக்கு வேலை போனால் டைலருக்கு இருக்கிற பாதுகாப்பு அவருக்கு இல்லை. பதவியை ஒப்புக்கொள்ளும் முன்பே இதை அவரிடம் சொல்ல வேண்டாமா? சீசனில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நல்ல டைலரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஆளை நிறுத்திவிட்டு, பொறுப்பை மட்டும் தலையில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

முதலாளிகளிடம் கேட்பது இதுதான். புது சூப்பர்வைசரை முதலில் வேறு லைனில் போடுங்கள். முடியாதென்றால், அந்தத் திங்கட்கிழமை காலை மெஷின் ஓடுவதற்கு முன் நீங்களே லைனுக்கு வந்து நின்று, இனி இவர்தான் பார்த்துக்கொள்வார், பண்டல் முறைப்படிதான் போகும் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.