'மக்களே' என்று யாரைக் கூப்பிடுகிறோம்?

பி.எட். மாணவி ஒருத்தியின் பயிற்சி வகுப்பைப் பார்க்க ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு, கணக்கு. அருமையாக நடத்தினாள். நம்ம குமரி மாவட்ட வழக்கப்படி ஒற்றைப் பிள்ளையையும் "மக்களே, நீ சொல்லு" என்றுதான் எழுப்பினாள். கடைசி பெஞ்சில் அசாமிலிருந்து வந்த ஒரு பையன். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அவனிடம் மட்டும், "ஏ பையா, பேசாம இரு." பேசியது அவன் இல்லை, பக்கத்திலிருந்தவன்.

யாரிடம் கேட்கிறாள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 23 கேள்விகள். அவனுக்கு ஒன்றுகூட இல்லை. அதட்டல் மட்டும் மூன்று.

தாளைக் காட்டியதும் கண் கலங்கிவிட்டாள். "சார், நான் அப்படி நினைக்கவே இல்ல." நான் அதை நம்புகிறேன். நம்புவதால்தான் இதைப் பயிற்சிக் காலத்திலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன்.

2016-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மழலையர் பள்ளி ஆசிரியர்கள் உட்பட 135 பேருக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் இருவர், வெள்ளையினப் பிள்ளைகள் இருவர். யார் சேட்டை செய்யப் போகிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார்கள். வீடியோவில் சேட்டையே கிடையாது. ஆனாலும் பார்த்தவர்களின் கண் அதிகம் நின்றது கறுப்பினப் பையன் மேல்தான். கருவி வைத்து அளந்தார்கள்.

அது அமெரிக்கா என்று தள்ளிவிடாதீர்கள். இந்திய ஆசிரியர்களிடம் விடைத்தாள்களைக் கொடுத்து, முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதிப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. தாழ்ந்ததாகக் கருதப்படும் சாதி எழுதியிருந்தால் மதிப்பெண் குறைந்தது. கொஞ்சம்தான், ஆனால் குறைந்தது.

தோள்சீலைக்காக, அதாவது பெண்கள் மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காக, 1859 வரை போராடிய மண் இது. அதை வகுப்பில் நடத்திவிட்டு வந்து, ஆசிரியர் அறையில் "கடப்புறத்துப் புத்தி" என்று கடற்கரையிலிருந்து வரும் ஒரு பிள்ளையைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையிலிருந்து வரும் காணிப் பழங்குடிப் பிள்ளை ரெண்டு நாள் வராவிட்டால் "அதுக படிக்காது" என்பார்கள். மழையா, பஸ் வரவில்லையா என்று கேட்பவர் குறைவு.

சமத்துவம் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் இது போகாது. பயிற்சி வகுப்பைப் பார்த்து நாங்கள் நிரப்பும் படிவத்தில் குரலுக்கு இடம் உண்டு, கரும்பலகைக்கு உண்டு. யாரிடம் கேள்வி கேட்டாய், யாரை விட்டாய் என்பதற்கு இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். திருத்தப் பழக்கும் விடைத்தாளிலும் பெயரை மறைத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்த மாணவி போன் செய்தாள். அவன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவனிடமே கேட்டாளாம். எனக்கும் ரெண்டு தடவை சொல்லிக்காட்டினாள்.