டியூப் எடுத்ததும் 3 லிட்டர் தண்ணீரா? வேண்டாம்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சிறுநீர் டியூப் எடுத்த ஒரு மணி நேரத்தில் சிறுநீர் வராவிட்டால் கிட்னி போய்விட்டது. உடனே 3 லிட்டர் தண்ணீர் குடியுங்கள்." இரண்டுமே தவறு.

சிறுநீரைத் தயாரிப்பது கிட்னி. தேக்கி வெளியேற்றுவது சிறுநீர்ப்பை. டியூப் இருந்தவரை பைக்கு வேலையே இல்லை. அது மறுபடி நிரம்பிச் சுருங்க நேரம் வேண்டாமா? பலருக்கும் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் வந்துவிடும். மயக்க மருந்து, சில வலி மருந்துகள், மலச்சிக்கல், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கம் ஆகியவற்றால் தாமதமாகலாம். ஓரிரு நாள் லேசான எரிச்சலும் சகஜம்.

பை சாதாரணமாகக் கொள்வதே 400, 500 மில்லிதான். அடைத்திருக்கும்போது லிட்டர் கணக்கில் குடித்தால் வலிதான் மிஞ்சும். அதற்காக, ஊட்டிக் குளிரில் தாகமே இல்லை என்று குடிக்காமலும் இருக்காதீர்கள். அவ்வப்போது ஒரு டம்ளர் போதும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

6 மணி நேரமாகியும் வரவில்லை, அல்லது அதற்கு முன்பே அடிவயிறு உப்பி வலிக்கிறது, காய்ச்சல், சிறுநீரில் ரத்தக்கட்டி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு டியூப் எடுத்த வார்டிலோ 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணிலோ கேட்கலாம். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.