வெந்நீர்கூட வைக்கத் தெரியாத பையன்

போன ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்தில் அத்தை மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அத்தை பெண் வீட்டாரிடம் சொன்னார்: “எங்கள் பையனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது சம்பந்தி. அப்படித்தான் வளர்த்தோம்.” அவர் குரலில் அத்தனை பெருமை. பெண்ணின் அம்மாவும் முகம் மலர்ந்து, “அதற்கென்ன, எங்கள் பெண் பார்த்துக்கொள்வாள்” என்றார். அந்தப் பெண் பொறியியல் படித்தவள். மாப்பிள்ளை வாங்கும் சம்பளத்தை அவளும் வாங்குகிறாள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபதடி தூரத்தில் மண்டபத்துச் சமையற்கட்டு. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆண்கள் ஆளுயரக் கரண்டியால் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எண்ணெய்க்கு மேல் துணியைப் பிடித்து ஜாங்கிரி பிழிந்தார். ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. மாஸ்டர் ரசத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்து “உப்பு” என்றார். உடனே ஒருவர் ஓடினார். அதே சமையற்கட்டில் பெண்களும் இருந்தார்கள். பின்வாசல் ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்கினார்கள், அண்டா தேய்த்தார்கள். அவர்களில் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கரண்டி பிடிக்கிற ஆளுக்குக் கிடைப்பதில் பாதிதான் தனக்குக் கூலி என்றார். “வீட்டில் முப்பது வருடமாக நான்தான் சமைக்கிறேன். இங்கே அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள்” என்றார்.

சமையல் பெண்ணுக்கு இயற்கையாக வருவது, கைப்பக்குவம் என்பது பிறவியிலேயே அமைவது என்று சொல்கிறவர்கள் அந்தச் சமையற்கட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும். வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்தால் பெண் வேலை. ஆயிரம் இலைக்குச் சமைத்து ரொக்கமாகக் கூலி வாங்கினால் ஆண் வேலை. இரண்டிலும் அடுப்பு ஒன்று, உப்பு ஒன்று. நடுவில் காசு வந்து உட்கார்ந்ததும் வேலை கைமாறிவிடுகிறது.

இதைப் பார்க்கப் பழகிவிட்டால் பிறகு எங்கு பார்த்தாலும் இதுதான் கண்ணில் படுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் நெல் நடவு முழுக்கப் பெண்கள் வேலை. குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் நாள் முழுக்க நிற்பதற்குப் பெண்களுக்குத்தான் பொறுமை உண்டு என்பார்கள். நடவு இயந்திரம் வந்தது. அதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் ஆண். அதே நாற்று, அதே வயல். பொறுமையைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டியவள் பாட்டி. கிரைண்டர் வைத்து மாவு விற்பவர் மாமா. உலக்கை பிடித்தவள் பெண், அரிசி ஆலை வைத்திருப்பவர் ஆண்.

தறியையும் சொல்ல வேண்டும். நெசவாளர் என்றதும் நம் மனதில் வருவது தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆணின் உருவம். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் நெசவு சார்ந்த வேலை செய்பவர்களுமாக 35 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் 72 சதவீதம் பெண்கள்! நான் சிறுமியாக இருந்தபோது சென்னிமலையில் என் தோழி வீட்டுக்குப் போவேன். அவளுடைய அம்மா விடிவதற்கு முன்பே ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்ற, அதாவது தறி நாடாவுக்கான நூலைச் சிறு குச்சிகளில் சுற்றத் தொடங்குவார். அவர் சுற்றிக் கொடுக்காவிட்டால் தறி ஓடாது. ஆனால் கூலி கணக்குப் பார்க்கும் நாளில் போய்ப் பணம் வாங்கி வருபவர் அப்பா. “உன் அம்மா என்ன செய்கிறார்?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் என் தோழி “வீட்டில் சும்மா இருக்கிறார்” என்றுதான் சொல்வாள். அவளை அப்படிச் சொல்லும்படி யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. ஊரே அப்படித்தான் பேசியது.

அந்த ‘சும்மா’வுக்கு இப்போது கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள் அடுத்த எண் கண்ணில் படுகிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. ஆக, குறைந்த பத்து நிமிடத்தையும் ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இதனால் ஆண்களுக்கு எல்லாம் சுகம் என்று நான் நினைக்கவில்லை. என் அண்ணனைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவே முடியாது.

அண்ணன் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். ஆலையை மூடிவிட்டார்கள். அண்ணி பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்கினார்; சமையல் அண்ணன் கைக்கு வந்தது. ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டி ஓய்ந்த பிறகுதான் திறந்தார். கையெல்லாம் மாவு. “யாரோ என்று நினைத்துவிட்டேன் பாப்பா” என்றார். சித்திரை வெயிலில் ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு, அடுப்பு வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்ட, தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடக்கூடாதாம். அம்மா வந்தால் கரண்டியை வைத்துவிட்டுச் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொள்வார். எட்டு மாதம் இப்படியே போனது. ஆள் பாதியாக இளைத்தார். இரவில் தூக்கமில்லை. எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று ஐந்து வயதிலேயே சொல்லி வளர்த்த வீடு எங்கள் வீடு. பிறகு எப்படிச் சொல்வார்?

2022இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பத்தில் ஏழு பேர் ஆண்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆனாலும் அந்த எட்டு மாதத்தை அருகில் இருந்து பார்த்ததனால், அந்த வரியைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

பிறகு அண்ணன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டார். அதே கை, வீட்டிலிருந்து எடுத்துப் போன அதே தோசைக்கல். “மாஸ்டர், இரண்டு முட்டைதோசை” என்கிறார்கள். நிமிர்ந்து நின்று ஊற்றுகிறார். எதிர்வீட்டுக்காரரே பார்சல் வாங்கிப் போகிறார். அம்மா, “என் மகன் கடை” என்று உறவுக்காரர்களை அழைத்துப் போய்க் காட்டுகிறார். தன் பெண்டாட்டி பிள்ளைக்குச் செய்தபோது தலைகுனிவாக இருந்த வேலை, கல்லாப்பெட்டி வந்ததும் கௌரவமாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அண்ணன் அந்த எட்டு மாதத்தில் செய்ததுதான் என் கண்ணுக்குப் பெரிய வேலை.

சட்டம் மெல்ல நகர்கிறது. சவூதி அரேபியாவில் வேலை பார்த்த கணவருடைய சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்கள் ஒரே ஒரு மாதம் தங்கள் வீட்டு 289 நிமிடத்துக்கும் வெளியாள் வைத்துக் கூலி கொடுத்துப் பார்க்கட்டும்.

புதுமணத் தம்பதிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் விருந்து. அண்ணன்தான் சமைக்கிறார். தோசைக்கல் பக்கத்தில் மாப்பிள்ளையை நிற்கவைத்து முதல் தோசையை அவனையே ஊற்றச் சொல்லப்போகிறேன்; பிய்ந்து வந்தாலும் பரவாயில்லை. அத்தைக்கு நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன். ஜன்னல்களையெல்லாம் திறந்து வைக்கும்படி அண்ணியிடமும் சொல்லியிருக்கிறேன்.