நீதிபதிகள் பேசிக்கொள்வது நல்லெண்ணத்தை நம்பி இருக்கக் கூடாது

அமெரிக்காவில் ஒரே மாத்திரையைச் சாப்பிட்டு மாரடைப்பு வந்த இரண்டு பேரில் ஒருவர் வழக்கு மாநில நீதிமன்றத்திலும் மற்றவர் வழக்கு ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றத்திலும் நடப்பது சர்வசாதாரணம். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஃபெடரல் வழக்குகளை, விசாரணைக்கு முந்தைய வேலைகளுக்காக ஒரே நீதிபதியிடம் சேர்க்க 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது மாநில நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அந்த ஃபெடரல் நீதிபதி மாநில நீதிபதிக்கு மேலதிகாரி இல்லை, சேர்ந்து செய்வோமா என்று கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகும்? மருந்துக் கம்பெனி விஞ்ஞானி ஒருவரை கேமரா முன்னால் உட்கார வைத்து இரு தரப்பு வக்கீல்களும் நாள் கணக்கில் கேள்வி கேட்டு வாக்குமூலம் வாங்குகிறார்கள். நீதிபதிகள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்த ஒரே பதிவு எல்லா ஊரிலும் பயன்படும். இல்லையென்றால் அதே ஆளிடம் அதே கேள்விகளை ஊர் ஊராகக் கேட்க வேண்டியதுதான், கடைசியில் அந்தச் செலவு பாதிக்கப்பட்டவரின் நஷ்டஈட்டில்தான் கை வைக்கும்.

நீதிபதிகள் சேர்ந்து செயல்படுவது நடக்காத காரியம் இல்லை. மெர்க் கம்பெனி 2004-ல் திரும்பப் பெற்ற வயாக்ஸ் வலி மாத்திரை வழக்குகளைப் பாருங்கள். ஃபெடரல் வழக்குகள் நியூ ஆர்லியன்ஸில் நீதிபதி எல்டன் ஃபாலனிடம் வந்தன, கத்ரீனா புயலில் ஊரே மூழ்கியதால் முதல் ஜூரி விசாரணையை அவர் ஹூஸ்டனுக்குப் போய் நடத்தினார். மாநில வழக்குகள் நியூ ஜெர்ஸியில் கரோல் ஹிக்பீ, கலிஃபோர்னியாவில் விக்டோரியா சேனி, டெக்சாஸில் ராண்டி வில்சன் ஆகியோரிடம் இருந்தன. நால்வரும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருந்து, இரு தரப்பையும் சமரசம் பேசச் சொல்லி நெருக்கினார்கள். 2007 நவம்பரில் 485 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது, அதில் மாநில வழக்குக்காரர்களும் உண்டு. அப்புறம் 2008-ல் வக்கீல் ஃபீஸ் நஷ்டஈட்டில் 32 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஃபாலன் உத்தரவு போட்டார். எனக்கு அந்த ஒரு உத்தரவுக்காகவே அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

மாநிலங்களின் தன்னாட்சி என்ன ஆவது என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் பகிர்வதால் தீர்ப்பு சொல்லும் உரிமை யாரிடமிருந்தும் பறிபோவதில்லை, அந்தந்த மாநிலச் சட்டப்படிதான் முடிவு வரும்.

எனக்குக் கவலை வேறு. ஃபாலன் மாதிரி ஒருவர் முன்வந்தால் நடக்கிறது, வராவிட்டால் இல்லை. நீதிபதிகள் தங்களுக்குள் போனில் என்ன பேசினார்கள் என்பதும் வழக்குப் போட்டவருக்குத் தெரிவதில்லை. பெரிய மருந்து வழக்கு எதுவானாலும் முதல் சில மாதங்களுக்குள் இரு பக்க நீதிபதிகளும் எழுத்துப்பூர்வமாகக் கூட்டு உத்தரவு போட வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.