கச்சேரி சேர்த்தது போதும், அட்டையில் எழுதுங்கள்

"என்கிட்ட ரெண்டு டெராபைட் கர்நாடக சங்கீதம் இருக்கு" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் எத்தனை கச்சேரிக்கு வயலின் யார் என்று தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. கேட்டும் இருக்கிறேன். பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி. ரெண்டு டெராபைட்டில் 34,000 மணி நேரம் அடங்கும். தினம் நாலு மணி நேரம் ஒரு நாளும் விடாமல் கேட்டாலும் 23 வருஷம் ஆகும். அதை அவர் கேட்கப் போவதில்லை. யாரிடமிருந்தோ நகல் எடுத்தார், இன்னொருவருக்கு நகல் கொடுப்பார், அவ்வளவுதான். உள்ளே திறந்தால் 'டிராக் 03', 'ஜிஎன்பி நியூ', 'எம்டிஆர் குட் குவாலிட்டி' என்று மிஞ்சிப்போனால் பாடகர் பெயரின் சுருக்கம்தான் இருக்கும்.

கச்சேரிப் பதிவை வீட்டில் வைத்திருப்பவர்கள் இனி புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, கையில் இருப்பதற்கு விவரம் எழுத உட்கார வேண்டும் என்பது என் கட்சி. யார் பாடினார், பக்கவாத்தியம் யார் யார், எந்த வருஷம், எந்த சபா அல்லது எந்த வானொலி நிலையம், என்னென்ன உருப்படி, அதாவது பாட்டு. இது இல்லாத பதிவு பாதிப் பதிவுதான்.

வீட்டுப் பதிவுகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய '78' இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிஷம்தான். அதற்குள் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை அடக்கிக் காட்டியது அவர் மேதைமை. ஆனால் அவர் மேடையில் மணிக்கணக்கில் வாசித்த தோடி அதுவல்ல. மெதுவாகச் சுழலும் எல்பி தட்டு வந்ததும் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. அப்போதும் முழுக் கச்சேரிக்கு இடம் கிடையாது. பிருந்தா–முக்தா சகோதரிகள் பாடிய பதங்கள் கம்பெனி வெளியீடாக வந்தது சொற்பம். பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1934-ல் காலமானார். அவர் குரல் எப்படி இருந்தது என்று நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. பாடகர் மதுரை மணி ஐயர் ஒரு முழு மாலை எப்படிப் பாடினார் என்று இன்றைக்கு ஒருவருக்குத் தெரிகிறதென்றால், யாரோ ஒரு ரசிகர் அந்தக் காலத்தில் பெரிய டேப் சுருளில் பதியும் ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததால்தான். இல்லையென்றால் வானொலிப் பெட்டிக்கு முன்னால் வீட்டில் யாரையும் இருமவிடாமல் உட்கார்ந்திருந்ததால்.

அந்த ஸ்பூல் தலைமுறை எழுதவும் செய்தது. பழைய ஸ்பூல் பெட்டியின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ராகம், தாளம், தேதி, நிலையம், வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் வரிசையாக இருக்கும். கேசட் வந்தபோது அட்டையில் இடம் சுருங்கியது, எழுத்தும் சுருங்கியது. கணினி வந்ததும் எழுதும் பழக்கமே போய்விட்டது.

பக்கவாத்தியத்தின் பெயர் எதற்கு, பாடகர் பெயர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில், அது மரியாதை. ஒரு கச்சேரியில் பாதி அவர்களுடையது. இரண்டாவது, தேதியைச் சரிபார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை காலமானது 1962-ல். மிருதங்கம் அவர்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், கோப்பில் 1965 என்று போட்டிருப்பது தப்பு. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967 ஜனவரியில் மறைந்தார்; '1969 அரியக்குடி மயிலாப்பூர்' என்ற கோப்பு என்னிடமே இருக்கிறது. எனக்குக் கொடுத்தவரிடம் சொன்னேன். "பாட்டு நல்லா இருக்குல்ல, விடுங்க" என்றார். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்த அரியக்குடி? ஐம்பது வயதில் பாடியவரா, எழுபதில் பாடியவரா? குரல் எப்படி மாறியது, பாணி மாறியதா என்று யோசிக்க நினைப்பவருக்கு அந்தக் கோப்பால் உபயோகமில்லை.

இதைவிடக் கோபம் வருவது வெட்டுகிறவர்கள் மேல். டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில், 45 நிமிஷத்தில் கேசட் பக்கம் முடிந்துவிடுமே என்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாஸ் பட்டனை அமுக்கினார்கள். அதையாவது புரிந்துகொள்ளலாம். இப்போது இடத்துக்கு என்ன பஞ்சம்? டிஜிட்டலாக மாற்றுகிறேன் என்று உட்காருகிறவர்கள் முதலில் தூக்கி எறிவது வானொலி அறிவிப்பைத்தான். பக்கவாத்தியம் யார் என்று அந்த அறிவிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருப்பார்! அதை வெட்டிவிட்டு, வயலின் யாராக இருக்கும் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டிமன்றம் நடத்துகிறார்கள்.

அடுத்தது இரைச்சல் நீக்கம். அந்த 'ஸ்ஸ்' சத்தம் போக வேண்டும் என்று மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டினால், சத்தத்தோடு தம்பூராவின் மேல் ஸ்வரங்களும் வயலின் வில்லின் உரசலும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்கடியில் பாடுகிற மாதிரி ஒரு குரல். வடிகட்டாத மூலத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். கேட்பதற்கு வேண்டுமானால் இன்னொரு நகலைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

சுருதியையும் பாருங்கள். டேப்பை ஓட்டும் டெக்கின் மோட்டார் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இணையத்தில் சில பெரியவர்கள் அவசரமாக எங்கேயோ ரயில் பிடிக்கப் போகிற மாதிரி பாடுவது இதனால்தான். கோப்பாக மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் 90 நிமிஷக் கேசட்டுக்கு மூன்று ஜிபி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி. இன்றைய வட்டு விலைக்கு அது பெரிய செலவில்லை. எம்பி3-யில் மட்டும் எடுத்துவிட்டுக் கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள், தயவுசெய்து.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. பரண் கூடாது, மொட்டை மாடிக்குக் கீழே மே மாத வெயிலில் டேப் வெந்துவிடும். சென்னை ஈரத்துக்கு வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் பாழ், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் அது ஒட்டும். இசைத்தட்டைப் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள், அடுக்கிப் படுக்க வைக்காதீர்கள். எல்பியைத் துடைக்கும் ஸ்பிரிட்டால் 78-ஐத் துடைத்துவிடாதீர்கள். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். கேசட் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிய முடியாது. உடைக்காமல் விட்டதால் பாதி பைரவி ராகத்துக்கு மேல் சினிமாப் பாட்டு ஏறிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

சரி, விவரம் எப்படி எழுதுவது? கேட்டுத்தான். உட்கார்ந்து, வர்ணத்திலிருந்து மங்களம் வரை, கையில் ஒரு நோட்டோடு. இப்போதைய பழக்கத்தில் ஆலாபனை ஒரு கோப்பு, கிருதி ஒரு கோப்பு, நிரவல் ஒரு கோப்பு; ஷஃபிளில் விட்டால் முதலில் மங்களம் வரும். ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டால்தான் இந்த வயலின் பாணி பிடிபடும், தனியில் மிருதங்கக்காரர் யார் என்ற சந்தேகம் தீரும். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத வேண்டாம், கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறியே பின்னால் வருபவருக்குப் பெரிய உதவி.

பதுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். "இது எங்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று சொல்வதில் ஒரு சுகம். வெளியான இசைத்தட்டு என்றால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருஷம்தான் உரிமை. பழைய 78 தட்டுகள் எல்லாம் அநேகமாகத் தாண்டிவிட்டன. சபாவில் பதிந்தது வேறு விவகாரம், 1994 திருத்தம் பாடியவருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. அதை விற்கக் கிளம்பாதீர்கள். ஆனால் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதற்கு என்ன தடை? சென்னை மியூசிக் அகாடமியில் டிஜிட்டல் கேட்பு மையம் இருக்கிறது.

கொடுக்கப் போனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி பட்டியல் எங்கே என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமா போன பிறகு இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட், அட்டையில் ஒரு வரி கிடையாது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு எழுத யாருக்கு நேரம்? பழைய பேப்பர்காரர் பிளாஸ்டிக் என்று எடைக்குத்தான் எடுத்துக்கொண்டார்.